எஸ்ரா மேடையை விட்டு இறங்கிய நாள்

“அந்த வரியை இன்னொருக்கா வாசியும்,” என்றார் மிஸ் ஐரீன்.

விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். தேநீர் சிந்திக் காய்ந்த நிறத்தில், புத்தகமொன்றில் ஒட்டிய ஒரு பழைய பத்திரிகைத் துண்டு. கடுகு மாதிரிப் பொடி எழுத்து. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்கு நெருக்கிப் பிடித்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தேன்.

நிமிர்ந்தபோது அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தொண்ணூற்று மூன்று வயதுக் கை. பிடி மட்டும் தளரவில்லை. பார்வை போன கண்கள் சன்னல் பக்கம் திரும்பியிருக்க, கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பயந்துபோனேன். “மிஸ் ஐரீன், நான் ஏதும் பிழையா வாசிச்சிட்டனோ?”

“இல்லை. நீர் ஒராள்தான் இதைச் சரியா வாசிச்சிருக்கிறீர்.”

அந்தப் பதிலின் பொருள் விளங்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. விளங்கியபோது நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது.

வெளியே பனி உருகிக் கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த, மாரிகாலம் முடிகிற நேரம் அது. பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது; முகக்கவசம் மட்டும் எங்கள் வேலையில் மிஞ்சியிருந்தது. ஹீட்டரின் மேல் காயப்போட்ட துவாயின் மணம் அந்தச் சின்ன அறை முழுவதும் இருந்தது.

நல்ல மனிசர்

சென்ற சில வாரங்களாக இந்தப் பத்தியில் தொழிற்சாலை நாட்களை எழுதிவந்தேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: “அக்கா, எல்லாம் துக்கமாவே எழுதுறியள். இந்த நாட்டில நல்ல மனிசரை நீங்கள் சந்திக்கவே இல்லையோ?”

சந்தித்தேன் தங்கச்சி. இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

தொழிற்சாலையில் முதுகு போன பிறகு, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் படித்தேன். குளிக்க வார்ப்பது, மருந்தை நினைவூட்டுவது, மதியச் சாப்பாடு கொடுப்பது. கணவர் றெஜி மிசிசாகாவில் விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை செய்தபடியால் கார் அவருக்கு. நான் ரெக்ஸ்டேல் வீட்டிலிருந்து ஒரு பஸ், பிறகு சப்வே, பிறகு பத்து நிமிட நடை. நடையின் முடிவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் மிஸ் ஐரீனின் வீடு.

அவர் கறுப்பினத்தவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்யவில்லை. முதல் நாளே என் ஆங்கிலத்தை இரண்டு இடத்தில் திருத்தினார். அதற்குப் பிறகு, “நீர் என்ர பேரைச் சொல்லுற விதம் எனக்குப் பிடிச்சிருக்கு, அதை மாத்த வேண்டாம்,” என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவருடைய ‘யூ’ என் காதில் எப்போதும் ‘நீர்’ என்றே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

சில வாரம் கழித்து, கட்டிலுக்குக் கீழே இருந்த ஒரு பெரிய ஒட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அவருடைய தாய் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டிவைத்த புத்தகம். முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெயர்: எஸ்ரா.

எங்கள் வேதாகமத்தில் இருக்கிற பெயர். அந்நிய வீட்டில் தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது.

“என்ர அப்பா. குத்துச்சண்டைக்காரர்,” என்றார் மிஸ் ஐரீன். “கண் தெரிஞ்ச காலத்தில இதை எத்தனை தரம் வாசிச்சிருப்பன். இப்ப ஆராவது வாசிச்சால்தான் உண்டு.”

நிறத்தின் கோடு

குத்துச்சண்டை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. றெஜி தொலைக்காட்சியில் போட்டால் நான் குசினிக்குச் சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். நூறு வருடத்துக்கு முந்திய அந்த உலகத்தை மிஸ் ஐரீனின் வாயாலும் அந்தப் புத்தகத்தாலும்தான் அறிந்தேன்.

எஸ்ரா முதன்முதல் கைநீட்டியது பொருட்காட்சித் திடலில். ஐந்தாறு கறுப்பு ஆண்களின் கண்களைத் துணியால் கட்டி ஒரே மேடையில் விட்டு, கடைசியில் எழும்பி நிற்பவன் யார் என்று பார்க்கும் ஒரு வேடிக்கை அந்தக் காலத்தில் இருந்ததாம். சனங்கள் சிரிக்கச் சிரிக்கப் பார்ப்பார்களாம். எஸ்ரா கடைசியாக நின்றார். ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் முறையாகப் பழக்கினார்.

பழகியபின் வேறொரு சுவர் இருந்தது. வெள்ளைச் சம்பியன்கள் கறுப்பருடன் மேடையேற மறுப்பார்கள். அதை வெட்கமில்லாமல் நிறக்கோடு என்றே பெயர் வைத்துச் சொன்னார்கள். அதனால் திறமையான கறுப்பு வீரர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சண்டை பிடித்தார்கள். எஸ்ராவும் இன்னொருவரும் எத்தனை தரம் மோதினார்கள் என்று மிஸ் ஐரீனுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது.

“கடைசியில ரெண்டு பேரும் சம்பந்திமார் மாதிரி ஆயிட்டினம். ஒராளின்ர விலா எலும்பு மற்றாளுக்கு மனப்பாடம்,” என்று சிரித்தார். உண்மையில் அவர் சொன்னது வேறு ஏதோ உறவுமுறை. எனக்குச் சம்பந்தி என்றுதான் விளங்கியது.

பிறகு அமெரிக்கக் கறுப்பு வீரர் ஒருவர் உலகப் பட்டத்தை வென்றார். அவரை வீழ்த்துவதற்கென்றே ஓய்விலிருந்த வெள்ளைச் சம்பியனைக் கூட்டிவந்தார்கள். அவரும் தோற்றார். அன்று எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் ஊரூராகக் கலவரம். வென்றவரின் நிறத்தில் பிறந்த குற்றத்துக்காகத் தெருவில் போனவர்கள் அடி வாங்கினார்கள், செத்தார்கள். அந்தச் சண்டையின் படத்தைத் திரையில் காட்டவும் பல இடங்களில் தடை போட்டார்கள். அதைப் பற்றிச் சொல்லும்போது மிஸ் ஐரீனின் குரல் வகுப்பெடுக்கும் குரலாக மாறிவிடும். “ஜெசி, தோற்ற ஆளுக்காக அழலாம். படத்தை ஏன் ஒளிக்கவேணும்? யோசிச்சுப் பாரும்.”

பச்சைத் தொட்டியை உருட்டும் பிராணி

நான் சரியாக வாசித்ததாக அவர் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன்.

அதில் எஸ்ராவைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. எனக்கு அது புதுச் சொல். எங்கள் வீட்டுப் பின்வளவில் சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை இரவில் உருட்டிக் கொட்டுகிற, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட பிராணி உண்டல்லவா, ரொறன்ரோவில் அதோடு மல்லுக்கட்டாதவர் யார்? அதன் பெயரில் பாதி மாதிரி இருந்தது. எஸ்ரா அந்தப் பிராணிபோல் சுழித்து ஓடுவதில் கெட்டிக்காரர் என்று பாராட்டுகிறார்களாக்கும் என நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் உற்சாகமாகவே உரத்து வாசித்தேன் என்று சொல்ல இப்போதும் நாக்குக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விட்பியில் மகள் அனுஷா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல்லை உச்சரித்து, “இதுக்கு என்ன பிள்ளை அர்த்தம்?” என்று கேட்டேன்.

அனுஷாவின் கரண்டி கோப்பையில் விழுந்தது. “அம்மா! ஓ மை கோட். இதை எங்க கேட்டனீங்கள்?”

“வேலையில வாசிச்சனான். பேப்பரில இருந்தது.”

“சத்தமாவோ? ஒரு பிளாக் லேடிக்கு? அம்மா, யூ கான்ட் சே தட். சொல்லவே கூடாது!”

கறுப்பின மக்களை மிருகமாக்கி ஏசும் சொல் அது என்று அவள் விளக்கினாள். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டேன். றெஜி தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்கும் உரிமை மிஸ் ஐரீனுக்கு இருந்தது. அதைப் பரப்பும் உரிமை எனக்கு இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குளிருக்குப் போட்ட மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், படித்து மனப்பாடம் செய்துகொண்டு போன ஆங்கில மன்னிப்பை ஒப்புவித்தேன்.

அவர் முழுவதும் கேட்டார். “இரும்,” என்றார்.

இருந்தேன்.

“என்ர தம்பியின்ர மகள் மார்லீன் வாசிப்பாள். எங்கட சேர்ச்சிலிருந்து ஒரு பிள்ளை வந்து வாசிக்கும். ரெண்டு பேரும் அந்தச் சொல் வந்தால் தாண்டிப் போயிடுவினம். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு. எனக்கு அந்தப் பக்கங்கள் பாடம், ஜெசி. அவை வாசிச்சால் என்ர அப்பா ஒரு நல்ல குத்துச்சண்டைக்காரர். அவ்வளவுதான். அவர் எதுக்குள்ள நிண்டு அடிச்சவர் எண்டது இல்லாமல் போயிடுது.”

“எனக்கு அர்த்தம் தெரியாமத்தான் வாசிச்சனான்.”

“இப்பத் தெரியும்தானே. இனியும் வாசிப்பீரோ?”

எனக்கு வேறொரு அறை நினைவுக்கு வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் விட்ட வரி

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அகதி விசாரணை. ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குவளை, தீர்ப்புச் சொல்பவர், எனக்குப் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். என் தகப்பன் வயதிருக்கும் அவருக்கு. மிகவும் மரியாதையான மனிதர்.

மன்னார் வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் நடந்ததைச் சொன்னேன். அங்கே நின்ற ஒருவன் அப்பாவை முழங்காலில் இருத்தி, நாய்போல் குரைக்கச் சொன்னான். அப்பா குரைத்தார். ஒருமுறை அல்ல, அவன் போதும் என்று சொல்லும்வரை.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில், தகப்பனாரை அவமரியாதையாகப் பேசினார்கள் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு அப்போதே விளங்கும். என் வெட்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. விண்ணப்பமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அப்பா குரைத்த சத்தம் அந்த அறையில் ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு நான் அதை எவருக்கும் சொல்லவுமில்லை, றெஜிக்குக்கூட.

அன்று மிஸ் ஐரீனுக்குச் சொன்னேன். மேல்சட்டையோடு இருந்தபடியே சொன்னேன்.

அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கணக்கு வாத்தியார்போல் கேள்வி கேட்டார்.

“அப்ப நீர் எங்க நிண்டீர்?”

“பக்கத்தில. பதினாறு வயசு.”

“அண்டைக்கு நீர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தனீரோ?”

“ஓம்.”

“எப்பிடி?”

“அப்பான்ர சைக்கிளில. முன்பாரில இருந்து.”

“அப்ப சரி,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருடமாக அப்பா என் நினைவில் முழங்காலில்தான் இருந்தார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டு இரண்டு தரிப்புத் திரும்பி நடந்தேன். அந்த நடைக்காக மட்டுமே மிஸ் ஐரீனுக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம்.

பிறகு வியாழக்கிழமைதோறும் வாசித்தேன். எதையும் விடாமல்.

முறைப்பாடு

ஒரு வியாழக்கிழமை மார்லீன் தன் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. ஐம்பது வயதிருக்கும், பெரிய அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருந்த பெண். அவள் கண்டது இதுதான்: பார்வையற்ற அவளுடைய அத்தையின் முன் குந்திக்கொண்டு, முகக்கவசம் போட்ட ஒரு மண்ணிறப் பெண் அந்தச் சொல்லை உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கையிலிருந்த பூச்சாடியை அவள் மெதுவாக மேசையில் வைத்தாள். போட்டு உடைத்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

“வெளியில போங்கோ,” என்றாள் என்னிடம். மிஸ் ஐரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்லீன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “இப்பவே.”

மாலையில், என்னை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து அழைப்பு. விசாரணை முடியும்வரை அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. மேற்பார்வையாளர் நல்ல பெண்தான். “ஜெசி, அந்தச் சொல்லைச் சொன்னது உண்மையா?” என்று கேட்டார். உண்மை என்றேன். அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். வேலை போய்விடும், போனால் இந்தக் காரணத்தோடு வேறெங்கும் எடுக்கமாட்டார்கள் என்பது தெரிந்தது. றெஜி மட்டும், “நீர் களவெடுக்கேல்லை, ஆரையும் அடிக்கேல்லை. அந்த மனிசி கேட்டதை வாசிச்சனீர். போய்ச் சொல்லும்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அனுஷா ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். அதை அனுப்ப வேண்டிய தேவை வரவில்லை.

ஏனென்றால், எனக்குப் பதிலாக அனுப்பிய இருவரையும் மிஸ் ஐரீன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். குளிக்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாவது ஆள் போனபோது, “ஜெசியும் மார்லீனும் உங்கட மேலதிகாரியும் ஒண்டா வந்தால் கதவு திறப்பன்,” என்றாராம்.

மூவரும் போனோம். மிஸ் ஐரீன் நல்ல சட்டை போட்டு, கழுத்தில் முத்துமாலையோடு நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார்.

“மார்லீன், நீ எனக்குப் பொய் வாசிச்சனி,” என்று தொடங்கினார்.

மார்லீன் அத்தையின் காலடியில் தரையில் இருந்தாள், அந்த அலுவலக உடுப்போடு.

“அத்தை, அந்தச் சொல்லை எனக்குச் சொல்லியிருக்கினம். அந்தக் காலத்தில இல்லை, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், லிஃப்டுக்குள்ள. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. என்ர வாயால அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் விட்டு வாசிச்சனான்.”

மிஸ் ஐரீனின் கை காற்றில் தேடி மார்லீனின் தலையைக் கண்டுபிடித்தது. “இதை நீ எனக்குச் சொல்லேல்லை.”

“நீங்களும் கேட்கேல்லை.”

மேற்பார்வையாளர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும்.

கடைசியில் என் வேலை திரும்பக் கிடைத்தது. மிஸ் ஐரீனின் பராமரிப்புத் திட்டத்தில், குளிப்பு, மருந்து, மதியச் சாப்பாடு என்பவற்றுக்குக் கீழே ‘பழைய பத்திரிகை வாசித்தல், ஒன்றும் விடாமல்’ என்று எழுதி, மிஸ் ஐரீனும் மார்லீனும் மேற்பார்வையாளரும் கையொப்பம் வைத்தார்கள். வியாழக்கிழமைகளில் மார்லீனும் வரத் தொடங்கினாள். முதல் இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் வாரம் எனக்கும் ஒரு கோப்பி வாங்கிவந்தாள்.

ஒன்பதாவது சுற்று

புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மிஸ் ஐரீன் வாசிக்கச் சொல்வதில்லை. அந்தக் கோடையில் ஒருநாள் தானாகவே கேட்டார்.

அமெரிக்காவில் அந்தக் கறுப்பு வீரர் வென்று சில வாரங்களில், ஒன்ராறியோவின் சின்ன ஊரொன்றில் எஸ்ராவுக்கு ஒரு வெள்ளை வீரருடன் சண்டை கிடைத்தது. அபூர்வமான வாய்ப்பு. கோடையில் ஐஸ் இல்லாத ஒரு ஸ்கேட்டிங் கொட்டகைக்குள் மேடை போட்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பத்திரிகையின் செய்தி: ஒன்பதாவது சுற்றில் எஸ்ரா திடீரெனச் சண்டையைக் கைவிட்டு, மேடையை விட்டு இறங்கி ஓடினார். அவருடைய இனத்துக்கே நெஞ்சுரம் கிடையாது என்று எழுதி, அந்தச் சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள்.

வாசித்து முடித்தேன். மார்லீன் தன் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடத்தில ஒருத்தன் எனக்கு இதைச் சொல்லிப் பழிச்சவன்,” என்றார் மிஸ் ஐரீன். “வந்து அப்பாவைக் கேட்டனான். அவர், ‘ஓம், இறங்கினனான்’ எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்லை. எனக்குப் பன்னிரண்டு வயசில அவர் செத்துப்போனார். அதுக்குப் பிறகு அவர் அடிச்ச ஆக்களையெல்லாம் நான் மறந்தன். இறங்கினதைத்தான் மறக்கேல்லை.”

புத்தகத்தை மூடப் போனபோது, அந்தப் பக்கம் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒட்டிய துண்டுக்குப் பின்னாலும் எழுத்து வரிசை தெரிந்தது. அச்செழுத்து வேறு வடிவம்.

“மிஸ் ஐரீன், இதுக்குக் கீழ இன்னொரு துண்டு இருக்குது.”

மாப்பசையால் ஒட்டியது அது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கடதாசிக் கொடிகளைக் கோதுமை மாப்பசையில்தான் ஒட்டுவோம். மழை ஈரம் பட்டால் எல்லாம் கழன்று வரும். கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினால் இதுவும் வரலாம். ஆனால் நூறு வருடத் தாள். கூழாகவும் போகலாம்.

இதைச் சொன்னபோது மார்லீன், “வேண்டாம். தெரிஞ்ச ஆக்களிட்டக் குடுப்பம்,” என்றாள். நியாயமான பேச்சு.

“எனக்குத் தொண்ணூற்று மூண்டு, மார்லீன். தெரிஞ்ச ஆக்கள் எப்ப திருப்பித் தருவினம்?” என்றார் மிஸ் ஐரீன். “ஜெசி, கேத்திலைப் போடும்.”

முதலில் மார்லீன் மேல் துண்டைத் தொலைபேசியில் படமெடுத்தாள். பிறகு அவள் புத்தகத்தைப் பிடிக்க, நான் வெண்ணெய்க் கத்தியின் மழுங்கிய நுனியை ஆவியோடு சேர்த்து விளிம்பில் நகர்த்தினேன். என் கண்ணாடி மூடுபனியாகியது. பழைய மாவின் புளித்த மணம் எழும்பியது. ஒரு மூலை கிழிந்தது. கத்தியை எடுத்துவிட்டேன். மார்லீன், “நிப்பாட்டாதேங்கோ. மெதுவா,” என்றாள். அவள் என்னிடம் அன்பாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

கீழே இருந்தது கறுப்பின மக்கள் நடத்திய ஒரு சின்ன வாரப் பத்திரிகையின் துண்டு. துவாயில் ஒற்றி, சன்னலோரம் வைத்து, நான் வாசித்தேன்.

எட்டுச் சுற்றிலும் எஸ்ராதான் முன்னணி. ஒன்பதாவதில் பார்வையாளர்கள் சிலர் மேடையின் மூலைக்குப் போய், எஸ்ராவுக்குத் தண்ணீர் வாளியும் துவாயும் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய நண்பர் சைலஸை நாற்காலிகளுக்கு மேலால் இழுத்து விழுத்தி மிதித்தார்கள். தடுக்க ஒருவரும் இல்லை. எஸ்ரா எதிராளிக்குப் புறங்காட்டிக் கைகளைத் தாழ்த்தினார். அந்த எதிராளி அடிக்கவில்லை. எஸ்ரா தாண்டுவதற்காக, மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைக் காலால் மிதித்துத் தாழ்த்திக் கொடுத்தார். எஸ்ரா கூட்டத்துக்குள் குதித்தார். மேடையில் நடுவர் பத்துவரை எண்ணி, எஸ்ரா தோற்றதாக முடித்தார்.

“சைலஸ் மாமா,” என்றார் மிஸ் ஐரீன்.

மார்லீன் அவர் பக்கம் திரும்பினாள்.

“ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வருவார். ஒரு காது கேளாது. அப்பாவும் அவரும் ரயிலில போர்ட்டர். கிழமை முழுக்க மற்றவையின்ர சப்பாத்துத் துடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சைலஸ் மாமா வந்து, ஆரும் கேட்காமல், அப்பான்ர சப்பாத்தை எடுத்து மினுக்குவார். அம்மா பேசுவா, ‘இண்டைக்கும் ஏன்?’ எண்டு. அப்பா பேசாமல் இருப்பார். எனக்கு விளங்கினதே இல்லை.”

அப்படியானால் இந்த நல்ல செய்தியின் மேல் அந்தக் கெட்ட செய்தியை ஒட்டி மூடியது யார், ஏன்? மிஸ் ஐரீன் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். “சைலஸ் மாமா இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாப்பார். தன்னாலதான் எல்லாம் போனதெண்டு ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாசிக்கக்கூடாதெண்டு அப்பா நினைச்சிருக்கலாம்,” என்றார். அது சரியா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்க எவரும் உயிரோடு இல்லை.

“இன்னொருக்கா வாசியும்,” என்றார். அன்று நான்கு முறை வாசித்தோம். நான்காவது முறை மார்லீன் வாசித்தாளா நான் வாசித்தேனா என்று இப்போது நினைவில்லை.

கோயிலில்

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மிஸ் ஐரீன் நித்திரையில் போய்விட்டார். செய்தி சொல்ல அழைத்த மார்லீன், “அத்தை எழுதி வைச்சிருக்கிறா. தன்ர அடக்க ஆராதனைக்கு அந்த ரெண்டு துண்டையும் கோயிலில நீங்கள் வாசிக்கவேணுமாம். ஒண்டும் விடாமல்,” என்றாள்.

கறுப்பின மக்களின் பழைய தேவாலயம் அது. பெரிய தொப்பிகள், வெள்ளைக் கையுறைகள், மெழுகுப் பூச்சு மணக்கும் மரவாங்குகள். றெஜியும் அனுஷாவும் பின்வரிசையில் இருந்தார்கள். நான் ஒரேயொரு சேலைக்காரியாக முன்னால் போய் நின்றேன். மைக் என் உயரத்துக்கு அதிகம். யாரோ வந்து தாழ்த்திவிட்டார்கள்.

முதல் துண்டைத் தொடங்கினேன். அந்தச் சொல் இருக்கும் வரிக்கு முன்னால் என் குரல் நின்றுவிட்டது. ஒரு சின்ன அறையில், கேட்டவருக்கு, கேட்டபடி வாசித்தது வேறு. இத்தனை முகங்களுக்கு முன்னால் அது என் வாய்க்குரிய சொல் அல்ல. ஒன்றும் விடாமல் வாசிப்பேன் என்று மிஸ் ஐரீனுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. மார்லீனைப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்து மார்லீன் எழும்பினாள். மரத்தரையில் அவளுடைய குதிச் சப்பாத்தின் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வந்து நின்று, நான் வழமையாக வைப்பதுபோல் தன் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தாள். பிறகு அந்தச் சொல்லோடு, முழு வரியையும், தெளிவாக வாசித்தாள். அடுத்த இரண்டு இடத்தையும் அவளே வாசித்தாள்.

“மிச்சம் உங்கட, ஜெசி,” என்றாள். போகாமல் அருகிலேயே நின்றாள்.

இரண்டாவது துண்டை நான் வாசித்தேன். வாளி, துவாய், சைலஸ், தாழ்த்திய கயிறு. கடைசி வரிக்கு வந்தேன். எஸ்ரா கையுறையைக் கழற்றாமலே நண்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு, பின்னால் வந்த கூட்டத்தைத் திரும்பிப் பாராமல், புகையிரத நிலையம்வரை நடந்து போனார் என்று அதில் இருந்தது.

தாளை மடித்தேன். பின்னால் எங்கோ ஒரு முதியவரின் குரல், நடந்துகொண்டேயிரு என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டது. “வோக் ஒன், எஸ்ரா.”

இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பெண் அதையே சொன்னார். பிறகு ஒரு வரிசை. பிறகு முழுக் கோயிலும், “வோக் ஒன், எஸ்ரா. வோக் ஒன்.”

மார்லீனின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. நானும் சொன்னேன்.